எஞ்சின் கழுவ ஒரு மருந்து

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பாளையங்கோட்டையில் ஒரு காம்பவுண்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவருக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. சனிக்கிழமை மத்தியானம் வருவார், திங்கள்கிழமை விடியக்காலம் போய்விடுவார். மற்ற நாட்களில் அந்த வீட்டில் நானும் ஒரு காரும்தான்.

கார் அப்பாவுடையது. அம்பாசமுத்திரத்தில் விவசாய இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் சாவியை என் கையில் தந்தார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். பதினாலு வருடத்தில் ஒரு தடவைகூட பானெட்டுக்குள் தண்ணீர் பட விட்டதில்லை என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. எஞ்சினுக்குத் தண்ணீர்தான் சத்துரு என்பார். வெளியே தினமும் துடைத்துத் துடைத்து பெயின்ட் மங்கியிருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று நான் அதுவரை கவனித்துப் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் திசையன்விளைப் பக்கத்து ஆள், பலசரக்கு மொத்த வியாபாரி. அந்த வருடம்தான் முற்றம் முழுக்க சிமென்ட் தளம் போட்டிருந்தார். காலை வைத்தால் வழுக்கும், அவ்வளவு வழவழப்பு. கார் நின்ற இடத்தில் மூன்றாம் நாளே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை விழுந்தது. சாக்கு விரித்தேன். சாக்கு ஊறி, கறை தட்டு அகலம் ஆனது. தகரத் தட்டு வைத்தேன். அதில் தெரு நாய் ஒன்று காலை வைத்துவிட்டு முற்றம் முழுக்கக் கால் தடம் பதித்தது. வீட்டுக்காரர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. பல் விளக்கிக்கொண்டே வந்து கறைக்குப் பக்கத்தில் நின்று அதையே பார்ப்பார். பத்து நிமிடம் பார்ப்பார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடைசியில் ஒரு நாள் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்.

"டீச்சரம்மா, ஒன்னு எண்ணெய் நிக்கணும், இல்லன்னா வண்டி தெருவுல நிக்கணும். ரெண்டுல எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வண்ணார்பேட்டையில் வேப்பமரத்தடியில் அவருடைய பட்டறை. பானெட்டைத் திறந்தார். பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்து எஞ்சினின் பக்கவாட்டில் குத்தினார். அது கேக்குக்குள் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. ஒரு அங்குலத்துக்குக் குறையாது. எண்ணெயும் தூசியும் செம்மண்ணும் சேர்ந்து கறுப்பாக இறுகிப்போயிருந்தது. நடுவில் ஒரு வேப்பம்பழக் கொட்டைகூட இருந்தது.

"ஒழுகுது, சரி. எங்கன இருந்து ஒழுகுதுன்னு இதுல எப்படிக் கண்டுபிடிக்க? மொதல்ல இத எடுத்துட்டுக் கொண்டாங்க டீச்சர்" என்றார்.

நீங்களே கழுவித் தரக் கூடாதா என்று கேட்டேன். முடியாது என்றார். பட்டறைச் சாக்கடை பக்கத்து இட்லிக் கடை வாசல் வழியாகப் போகிறதாம். போன மாதம் ஒரு வேனைக் கழுவி, கறுப்புத் தண்ணீர் அங்கே தேங்கி, இட்லிக் கடைக்காரம்மா இவர் மேல் முனிசிபாலிட்டியில் எழுதிக் கொடுத்திருந்தார். அப்படியானால் சர்வீஸ் ஸ்டேஷனில் கொடுக்கவா என்றேன். அங்கே குழாயை வைத்துச் சீறி அடிப்பான்கள், தண்ணீர் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும், அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னிடம்தான் வருவீர்கள் என்றார். எதையாவது போட்டு ஊறவைத்து, பையப் பைய எடுத்து, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அலசணும், அவ்வளவுதான் என்றார்.

அந்த எதையாவது என்பது எது என்று கேட்டேன். பாருங்கள், அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. மண்ணெண்ணெய் போதும் என்றார். உடனே, ரப்பர் குழாயில் படாமல் பார்த்துக்கொள்ளணும் என்றார். எது ரப்பர் குழாய் என்று கேட்டேன். அழுக்கு போனால்தான் தெரியும் என்றார்.

மண்ணெண்ணெய் என்ற சொல்லை வீட்டில் எடுத்ததும் கணவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சூடான எஞ்சின், பாட்டரி, மண்ணெண்ணெய், தனியாக இருக்கிற பெண்பிள்ளை, நாளைக்குப் பேப்பரில் என்ன போடுவான் தெரியுமா என்றார். எஞ்சினை ஆறவிட்டுத்தான் செய்வேன், பாட்டரி வயரையும் கழற்றிவிடுவேன் என்றேன். அதெல்லாம் பேப்பரில் போட மாட்டான் என்றார். அவருடைய யோசனை, வண்டியை ஆற்றில் இறக்குவது. லாரிக்காரர்கள் ஆற்றுக்குள் பாதி டயர் முங்க நிறுத்திக் கழுவுகிறார்களே என்றார். நாம் குடிக்கிற தண்ணீர் அது என்றேன். லாரிக்காரன் கழுவுகிறபோதும் அதைத்தானே குடிக்கிறோம் என்று திரும்பப் படுத்துக்கொண்டார்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். கழுவவே வேண்டாம் என்றார். அந்த கிரீஸ் எஞ்சினுக்கு ஒரு போர்வை மாதிரி என்றார். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒழுகுகிறது அப்பா, வீட்டுக்காரர் தினமும் வந்து நிற்கிறார் என்றேன். "ஏட்டி, என்கிட்ட இருந்தப்ப ஒழுகல்லியே" என்றார். அவர் வண்டியை மண் தரையில் நிறுத்தினார், மண் குடித்துவிட்டது. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். நான் சொல்லவில்லை. அவசியம் கழுவித்தான் ஆகணும் என்றால் டீசலில் துணியை நனைத்துத் துடை, மண்ணெண்ணெய் வேண்டாம், அது இரும்பைக் காய வைத்துவிடும் என்று முடித்தார்.

ஆசிரியர் அறையில் கெமிஸ்ட்ரி டீச்சரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு, எண்ணெயை வெட்டுகிறவை இரண்டு வகை என்று ஆரம்பித்தார். ஒன்று எண்ணெயைக் கரைக்கும், ஒன்று எண்ணெயை சோப்பாக மாற்றும். மணி அடித்தது. மறுநாள் இடைவேளையில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எனக்கு எது நல்லது என்று கேட்டேன். அது நீ எந்த உலோகத்தில் போடுகிறாய் என்பதைப் பொறுத்தது என்றார். எந்த உலோகம் என்று எனக்கு எப்படித் தெரியும், அது அழுக்குக்கு உள்ளே இருக்கிறது என்றேன். முதலில் அழுக்கை எடுத்துவிட்டு வந்து கேள் என்றார்.

அதோடு விடாமல் ஜங்ஷனில் கடை கடையாக ஏறினேன். பெயின்ட் கடையில் தின்னர் எடுத்துக் காட்டினார்கள். எதற்கு என்று கேட்டு, காருக்கு என்றதும், ஐயாவை வரச் சொல்லுங்கள் என்றார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எஞ்சின் கழுவுவதற்கென்றே ஒரு மருந்து உண்டு என்றார்கள், எனக்கு உயிர் வந்தது. மதுரையிலிருந்து வரணும், திங்கள்கிழமை வரும் என்றார்கள். திங்கள்கிழமை போனேன். வியாழக்கிழமை என்றார்கள். வியாழக்கிழமை போனபோது வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். அப்படி ஒன்று வருவதே கிடையாது, துணி சோடாவைக் கொதிக்கவைத்து ஊற்றுங்கள், ஐயாவுக்குத் தெரியும் என்றார். ஐயா மண்ணெண்ணெய் என்றாலே எழுந்து உட்காருகிறவர் என்று அவரிடம் எங்கே போய்ச் சொல்ல?

இந்த நேரத்தில்தான் ஹிஸ்டரி டீச்சர் இந்த விஷயத்துக்குள் வந்தார். எங்கள் பள்ளியில் எனக்கு நெருக்கமானவர் அவர் ஒருத்தர்தான். ஊர் காயல்பட்டினம். வார நாட்களில் மேலப்பாளையத்தில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்து பள்ளிக்கு வருவார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் பஸ் ஏறுவார். அவருடைய தம்பி துபாயில் கார் கம்பெனியில் வேலை பார்ப்பது எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனியில் எத்தனை பேர், மேனேஜர் எந்த நாட்டுக்காரர், புது கார் கப்பலில் வந்து இறங்குகிறபோது எப்படி உறை போட்டிருக்கும் என்பது வரைக்கும் கடிதம் வருகிற வாரமெல்லாம் கேட்டிருக்கிறோம். மூன்று வருடம் கழித்து அந்தத் தம்பி லீவில் வந்திருந்தார்.

"ஊரெல்லாம் எதுக்குக் கேட்டுத் திரியுதீங்க? எங்க தம்பி காருக்குள்ளயேதான கெடக்கான். நான் கேட்டுட்டு வாரேன்" என்றார்.

திங்கள்கிழமை ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவந்தார். உள்ளே அமுக்கினால் நுரை பீய்ச்சுகிற டப்பா இரண்டு, ஒரு ஜோடி ரப்பர் கையுறை. டப்பாவின் ஒரு பக்கம் அரபியில் எழுதியிருந்தது. மறுபக்கம் இங்கிலீஷ் இருந்திருக்க வேண்டும், உரிந்துபோய் அங்கங்கே ஓர் எழுத்து மிச்சம் இருந்தது. அரபி உங்களுக்குத் தெரியுமே, வாசியுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். ஓதுகிற குர்ஆன் கிதாபில் இருக்கிற மாதிரி எழுத்துக்கு மேலே கீழே குறி ஒன்றும் போடவில்லை, இதை எப்படி வாசிக்க, வாசித்தாலும் அர்த்தம் யாருக்குத் தெரியும் என்று டப்பாவைத் திருப்பித் தந்தார். தம்பி சொன்னது இதுதான்: கிரீஸ் எவ்வளவு இறுகியிருந்தாலும் போகும், அடித்து அரைமணி நேரம் விட்டுவிட்டுக் கழுவணும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த முதல் தெளிவான பதில் அது. என்ன, எவ்வளவு, எத்தனை நிமிடம், எல்லாம் இருந்தது. கணக்கு டீச்சருக்கு வேறு என்ன வேண்டும்.

சனிக்கிழமை காலையில் வண்டியைக் காம்பவுண்டுக்கு எதிரே இருந்த காலி மனைக்குக் கொண்டுபோனேன். இரண்டு பக்கமும் உடைமுள் புதர். எஞ்சின் ஆறக் காத்திருந்து, பாட்டரி வயரைக் கழற்றி, பத்துக் குடம் தண்ணீர் சுமந்து வைத்தேன். வீட்டுக்காரர் தன் முற்றத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். டப்பாவை அமுக்கினேன். வெள்ளை நுரை பொங்கி எஞ்சின் முழுக்க மூடியது. இரண்டு நிமிடத்தில் நுரை பழுப்பாகி, பிறகு கறுப்பாகி, கட்டி கட்டியாகக் கழன்று கீழே விழுந்தது. பதினாலு வருட அழுக்கு என் கண் முன்னால் தானாக இறங்கிப் போனது. அந்த அரைமணி நேரம் நான் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இரண்டாவது டப்பாவையும் மிச்சம் வைக்காமல் அடித்தேன்.

முழங்கைக்கு மேலே ஒரு சொட்டு தெறித்திருந்தது. முதலில் அரித்தது, பிறகு சுட்டது. அதைக் கழுவிவிட்டுத் திரும்பி எஞ்சினைப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. கிரீஸ் போன இடத்தில் நுரை நிற்காமல் பொருபொருவென்று கொதித்துக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தகரச் சுவரில் பெயின்ட் சுருண்டு சுருண்டு உரிந்தது. கார்புரேட்டர் கறுத்துக்கொண்டு வந்தது. நான் பயந்து, பைய அலசணும் என்று மெக்கானிக் சொன்னதையெல்லாம் மறந்து, பத்துக் குடம் தண்ணீரையும் அப்படியே தூக்கி ஊற்றினேன். தண்ணீர் வடிந்த பிறகு எஞ்சினின் மேல்மூடி சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துப்போயிருந்தது. விரலால் தொட்டால் மாவு ஒட்டியது.

பாட்டரி வயரை மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். இருமக்கூட இல்லை. மத்தியானம் கணவர் பையும் கையுமாக வந்து இறங்கியபோது நான் உடைமுள்ளுக்கு நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதுக்கு ஆத்துலயே இறக்கியிருக்கலாம் என்றார். நான் அவரோடு ராத்திரி வரைக்கும் பேசவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மெக்கானிக் சைக்கிளில் வந்தார். டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே தேங்கியிருந்த தண்ணீரைத் துணியால் ஒற்றி, வெயிலில் காய வைத்து மாட்டினார். வண்டி கிளம்பியது. பிறகு குனிந்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். காஸ்டிக் சோடா போட்டீங்களா டீச்சர் என்று கேட்டார். அலுமினியத்தைத் தின்றிருக்கிறது, நல்லவேளை ஓட்டை விழவில்லை, இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் பெட்ரோல் பம்பு கையோடு வந்திருக்கும் என்றார். ஒழுகுகிற இடமாவது தெரிகிறதா என்று கேட்டேன். தெரிந்தது. மேல்மூடிக்குக் கீழே எண்ணெய் கசியாமல் வைத்திருக்கிற கார்க் பட்டை காய்ந்து நாலு இடத்தில் வெடித்திருந்தது. இத்தனை வருடம் அந்த கிரீஸ்தான் வெடிப்பை அடைத்து வைத்திருந்ததாம். அதையும் எடுத்துவிட்டதால் இனிமேல் நன்றாகவே ஒழுகும் என்றார். அப்படியேதான் ஒழுகியது. திங்கள்கிழமை காலையில் கறை அரிசி புடைக்கிற சுளவு அகலம் இருந்தது. வீட்டுக்காரர் பல் விளக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அந்தக் கோபத்தோடு பள்ளிக்கூடம் போனேன். ஹிஸ்டரி டீச்சர் சிரித்துக்கொண்டே வண்டி பளபளன்னு ஆயிட்டா என்று கேட்டார். எல்லோரும் இருந்தார்கள். கார் கம்பெனியில் இருக்கிறவருக்கு அலுமினியத்தில் காஸ்டிக் போடக் கூடாது என்றுகூடத் தெரியாதா, மூணு வருசமா அங்கே என்ன படிச்சார் உங்கள் தம்பி என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. கெமிஸ்ட்ரி டீச்சர், நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்றார். அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவேயில்லை. ஹிஸ்டரி டீச்சர் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். அன்று மத்தியானம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது காம்பவுண்டு வாசலில் ஒருவர் நின்றிருந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, வெயிலுக்குப் பொருந்தாத பளபளப்பான ஷூ. ஹிஸ்டரி டீச்சரின் தம்பி. அக்காவை லாத்தா என்றார். லாத்தா போன் பண்ணி அழுததாகவும், வண்டியைப் பார்க்கத்தான் வந்ததாகவும் சொன்னார். காயல்பட்டினத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நான் பானெட்டைத் திறந்து காட்டினேன். அவர் வெளுத்த மூடியைத் தொட்டார். கையில் ஒட்டின மாவைப் பார்த்தார்.

"டீச்சர், அது எஞ்சினுக்கு உள்ளது இல்ல" என்றார். "அடுப்புக்கு உள்ளது."

எந்த அடுப்பு என்று கேட்டேன்.

"ஹோட்டல் அடுப்பு. நான் அங்கன கிச்சன்லதான் இருக்கேன். அடுப்பு, பொகக்கூண்டு எல்லாம் கழுவுத வேல. வீட்ல கார் கம்பெனின்னு சொல்லி வச்சிருக்கேன்."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஏஜென்ட் கார் கம்பெனி என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறான். போய் இறங்கினால் ஹோட்டல். அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது, வாப்பா பள்ளிவாசலில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாகிவிட்டது. முதல் கடிதத்தில் கார் கம்பெனி என்றே எழுதினார். அதற்கப்புறம் மாற்ற முடியவில்லை. மூன்று வருடமாக அந்தக் கம்பெனிக்குக் கடிதத்திலேயே ஆள் சேர்த்து, மேனேஜர் வைத்து, கட்டடம் கட்டி வைத்திருக்கிறார். வீட்டு அடுப்படிக்கு ஆகுமே என்று இரண்டு டப்பா கொண்டுவந்தவர், கார் கம்பெனிக்காரன் பெட்டியில் இது எதற்கு என்று கேட்பார்கள் என்று வெளியே எடுக்கவில்லை.

பிறகு அதை ஏன் எனக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"லாத்தா எல்லார் முன்னாலயும் வச்சுக் கேட்டாங்க. உம்மா, வாப்பா, மச்சான் எல்லாரும் இருந்தாங்க. தெரியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்? கிரீஸ் எல்லாம் ஒன்னுதான்னு நெனச்சேன். இங்கிலீஷ் பக்கத்த நான்தான் சுரண்டுனேன்."

திட்ட வேண்டிய ஆள் எதிரில் நிற்கிறார், திட்ட வாய் வரவில்லை. அதைவிட எரிச்சல் வேறு உண்டா? அவர் லாத்தாவிடம் நான் ஏற்கனவே சண்டை போட்டாகிவிட்டது, இனி என்ன சொல்வது என்று கேட்டேன். அவங்ககிட்ட மட்டும் சொல்லிராதீங்க என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். போட்டுக் கொடுத்தேன், குடித்தார்.

மறுநாள் பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முந்திய நாள் காபி குடிக்கும்போது பட்டறை எங்கே என்று சொல்லியிருந்தேன், கூப்பிடாமலே அந்தத் தம்பியும் அங்கே வந்து நின்றார். மெக்கானிக் மேல்மூடியைக் கழற்றி, வெடித்த கார்க்கை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார். மூலை முடுக்கில் மிச்சமிருந்த கிரீஸை எடுக்க டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஒரு டப்பாவில் ஊற்றி, பழைய பெயின்ட் பிரஷை அதில் நனைத்தார். இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று கேட்டேன். முதல் நாள் வந்தது ஒரு கூடை அழுக்கு, இப்போது இருப்பது ஒரு கரண்டி, இட்லிக் கடைக்காரம்மாவுக்கு இது தெரியவே தெரியாது என்றார்.

காயல்பட்டினத்துக்காரர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு பிரஷை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மேலிருந்து கீழாக, ஒரு இடம் முடித்துத்தான் அடுத்த இடம். வழிகிற எண்ணெயைக் கீழே விடாமல் துணியில் ஏந்தினார். போல்ட்டுக்குப் பின்னால், குழாய்க்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடமெல்லாம் அவர் விரல் தானாகப் போனது. மெக்கானிக் பீடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிரீஸ் எடுத்துப் பழகுன கை இது. எங்கன வேல பாக்கீங்க தம்பி?"

அவர் என்னைப் பார்த்தார். நான் இட்லிக் கடையைப் பார்த்தேன். துபாயில என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஹிஸ்டரி டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பு என்னுடையதுதான் என்றேன். உங்கள் தம்பி அரைமணி நேரம் என்று சொல்லியிருந்தார், நான்தான் மறந்துபோய் இரண்டு மணி நேரம் விட்டுவிட்டேன், அவர் வந்து சரி பண்ணிக் கொடுத்தார் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதோடு விட்டிருக்கலாம். மத்தியானத்துக்குள் ஆசிரியர் அறை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கணக்கு டீச்சருக்கு நிமிடம் எண்ணத் தெரியவில்லை என்று ஒரு வாரம் சிரித்தார்கள். கெமிஸ்ட்ரி டீச்சர் இன்னொரு படம் போட்டு, நேரம் கூடினால் என்ன ஆகும் என்று விளக்கினார். வீட்டில் கணவரும் அதையே நம்பினார். அவசரக்காரி என்று தெரியும், மறதிக்காரி என்று தெரியாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே கொதித்தது.

எண்ணெய் நின்றது. புதுக் கறை விழவில்லை என்று வீட்டுக்காரர் நாலு நாள் பார்த்து உறுதி பண்ணிக்கொண்டு, பிறகு வருவதை விட்டார். அப்பா ஒரு தடவை ஊரிலிருந்து வந்தபோது பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, நல்லா இருந்த எஞ்சின் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி மூடினார்.

தம்பி துபாய் திரும்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எங்களைக் காயல்பட்டினம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கணவரை முன்கட்டில் ஆண்களோடு உட்கார வைத்தார்கள். நான் உள்ளே பெண்களோடு சாப்பிட்டேன். தம்பியின் உம்மா என் தட்டில் கறியை அள்ளி வைத்துக்கொண்டே, அவன் கம்பெனி மருந்துல உங்க வண்டி சுத்தமாச்சாமே என்று கேட்டார்கள். அடுத்த கட்டுக்குப் போகிற வாசலில் திரை ஓரத்தில் அந்த முழுக்கைச் சட்டை தெரிந்தது. ஆமா, நல்ல மருந்து என்றேன். சட்டை நகர்ந்து போனது. திரும்பி வருகிற வழியெல்லாம் கணவர் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எனக்கு யாரையாவது அடிக்கணும் போல இருந்தது.

இரண்டு வருடம் கழித்து அடுத்த லீவில் வந்தபோது அவரே வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதற்குள் அதே ஹோட்டலில் சமையல் பக்கத்துக்கு மாறியிருந்தார். வாப்பா இரண்டு நாள் பேசவில்லையாம், மூன்றாம் நாள் அவரையே பிரியாணி போடச் சொன்னாராம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஹிஸ்டரி டீச்சர்தான். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

தெரியும் என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். கூடவே இருந்துகொண்டு இரண்டு வருடம் மறைத்திருக்கிறாரே, இதுவா சிநேகம் என்று மற்றவர்களிடம் கேட்டாராம். பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பத்து நாளும் நான் சமாதானம் சொல்லவும் போகவில்லை, கோபப்படவும் இல்லை. எனக்கு அலுத்துவிட்டது.